கப் ஜெயித்தும் மேலே போகாத சென்னை சிட்டி

2019 மார்ச் 9. கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி கையில் 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கையில் 39. சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை. டிரா ஆகி, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் எல்லாம் போச்சு. எதிரே ஆடியது யார் தெரியுமா? முந்தைய சீசன் சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் ஆரம்பித்து மூன்றாவது நிமிஷமே கோல் போட்டுவிட்டார்கள்!

இடைவேளை வரைக்கும் 0-1. அதற்குப் பிறகு பெட்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்தார். டிஃபெண்டர் கௌரவ் போரா ஒரு கோல் அடித்து முன்னிலை வாங்கிக் கொடுத்தார், ஆட்டம் முடியும் நேரத்தில் அவரே இன்னொன்றும் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவை 2-1 என்று ஜெயித்திருந்தது. கடைசிக் கணக்கு 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! 2003-04க்குப் பிறகு தேசிய லீக் பட்டத்தைத் தொடாத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக் பட்டத்தை வாங்கியது அதுதான் முதல் தடவை.

யார் இந்த சென்னை சிட்டி?

1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் ஆரம்பித்த கிளப் இது. பெயர் மாறி, 2016-17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்தது. பெயரில்தான் சென்னை, ஹோம் மேட்ச் எல்லாம் கோவையில். சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி ஆடிக்கொண்டிருந்தது. பொதட்டூர்பேட்டை மாதிரி ஊரில் இருக்கும் ஒரு ரசிகன் 'சென்னை' அணியைப் பார்க்க வேண்டுமென்றால் அரக்கோணம் போய் ரயில் பிடித்து, சென்னைக்கு நேர் எதிர்த்திசையில் கோவை வரைக்கும் போக வேண்டும். வேடிக்கைதான்!

2017-18ல் இந்த அணி பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த சீசனில் கப் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சிங்கப்பூர்க்காரரான கோச் அக்பர் நவாஸ் பெரிய பெயர்களைத் தேடவில்லை. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த மன்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் மாதிரி ஆட்கள் வந்தார்கள். கூடவே எட்வின் சிட்னி, அலெக்சாண்டர் ரொமாரியோ, மைக்கேல் ரெஜின் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். பந்தைத் தூக்கி அடிக்காமல் கீழேயே பாஸ் பண்ணி ஆடும் ஆட்டம். முதல் மேட்சிலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக மன்சி ஹாட்ரிக் போட்டார். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல். ஈஸ்ட் பெங்காலை கொல்கத்தாவிலும் கோவையிலும் இரண்டு தடவையும் 2-1 என்று தோற்கடித்தார்கள். 20 மேட்சில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்விதான்.

சரி, ஜெயித்தாச்சு. அப்புறம்?

இங்கேதான் கதை கசக்கிறது. இங்கிலாந்தில் இரண்டாவது டிவிஷனை ஒரு அணி ஜெயித்தால் அடுத்த வருடம் பிரீமியர் லீக்கில் ஆடும். மேலே கடைசி மூன்று இடத்தில் இருந்தவர்கள் கீழே இறங்குவார்கள். இந்தியாவில் 2014-ல் ஐஎஸ்எல் வந்தபோது அப்படி எந்த ஏணியும் வைக்கவில்லை. பணம் கட்டி உள்ளே வந்த கிளப்புகள் தோற்றாலும் உள்ளேயேதான். அதே 2018-19 சீசனில் சென்னையின் எஃப்சி 18 மேட்சில் 9 புள்ளி எடுத்து ஐஎஸ்எல்லில் கடைசி இடம். அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஐ-லீக்கில் முதலிடம் பிடித்த சென்னை சிட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே மாநிலம், ஒரே வருடம்!

"ஐ-லீக் தரம் கம்மி, அதனால்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் சில வாரத்திலேயே கிடைத்தது. சூப்பர் கப் காலிறுதியில் சென்னை சிட்டி சந்தித்தது பெங்களூரு எஃப்சியை. சுனில் சேத்ரியின் அணி, அப்போதுதான் ஐஎஸ்எல் கோப்பையை ஜெயித்திருந்த அணி. ரிசல்ட் 2-1, சென்னை சிட்டிக்கு. அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் தோற்றார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு மேட்சாவது ஐஎஸ்எல் சாம்பியனைத் தோற்கடிக்க முடிந்த அணிக்கு ஐஎஸ்எல்லில் ஆட வழியே இல்லை என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப்பில் 26 சதவீத பங்கு வாங்கியபோது ரசிகர்களுக்கு நம்பிக்கை வந்தது. நீடிக்கவில்லை. எட்வின் சென்னையினுக்குப் போனார், மன்சி ஜப்பானுக்குப் போனார், ரொமாரியோ பிறகு கோவாவுக்குப் போனார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கிளப் மேலே போக வழியில்லை என்றால் ஆட்டக்காரன் தனியாகத்தானே மேலே போவான்? 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. பிறகு கொரோனா. 2020-21 தான் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடிய கடைசி சீசன்.

ஏணி பிறகு வந்தது. 2022-23 ஐ-லீக்கை ஜெயித்த பஞ்சாப் அணி ஐஎஸ்எல்லுக்குப் போனது, அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்டிங் போனது. அந்தப் பஞ்சாப் அணி வேறு யாரும் இல்லை, 2019-ல் கோவையில் 3-1 என்று தோற்ற அதே மினர்வா, பெயர் மட்டும் மாறியிருந்தது. தோற்றவர்கள் நான்கு வருடம் தாக்குப்பிடித்தார்கள், மேலே போனார்கள். ஜெயித்தவர்களுக்கு அந்த நான்கு வருடம் கிடைக்கவில்லை.

ரசிகன் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. தன் அணி நன்றாக ஆடினால் அதற்கு ஒரு பலன் இருக்க வேண்டும், மோசமாக ஆடினால் ஒரு விலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டும் இல்லாத லீக்கில் ஒரு சீசன் முழுக்கக் கத்தியது எதற்காக என்று கோவை ரசிகன் இன்றைக்குக் கேட்டால் யார் பதில் சொல்வது?