குருசாமி நடத்திய பாடம்

எங்கள் கம்பம் பகுதியில் சபரிமலைப் பயணம் கார்த்திகை முதல் தேதி, மாலை போட்டவுடனே தொடங்கிவிடும். அடுத்த 41 நாளும் முதல்முறை மலைக்குப் போகிற கன்னிச்சாமிக்குப் பயிற்சிதான். விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல், பாய்ப் படுக்கை, எதிரே வருகிற யாரையும் ‘சாமி’ என்றே அழைப்பது. செருப்பு கூடாது என்பதற்கு எங்கள் குருசாமி பக்தியோடு இன்னொரு காரணமும் சொல்வார்: “கரிமலையில போய் காலைப் பழக்க முடியாது சாமி, இங்கேயே பழகிக்கோ.”

இருமுடியிலும் பாடம் இருந்தது. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருளும். பின்முடியில் வழிச்சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு. தலை தாங்குகிற அளவுதான் சுமை. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்குப் போகும் பெருவழியில் யானை உண்டு. யாரும் கூட்டத்தைவிட்டுப் பிரியக் கூடாது. சுற்றியுள்ள 18 மலையும் ஐயப்பனின் பூங்காவனம் என்பார் குருசாமி. அடுத்தவர் தோட்டத்துக்குள் போகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

1950-இல் சபரிமலைக் கோயில் தீப்பற்றியது. அதன்பின் செய்த பஞ்சலோகச் சிலையை நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜன் தமிழக ஊர்களுக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்தார். நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகம் ஐயப்பன் கதையைப் பட்டிதொட்டியெல்லாம் சேர்த்தது. அதே 1950-இல்தான் கோயிலைச் சூழ்ந்த பெரியாறு காடு வனவிலங்கு சரணாலயமானது. 1978-இல் புலிகள் காப்பகம். ஒரே காட்டுக்குக் காவலும் கூட்டமும் சேர்ந்தே வளர்ந்தன.

சாலை பம்பைவரை வந்தது. காலையில் மாலை போட்டு, இரவு வேன் ஏறி, மறுநாளே கழற்றுகிறவர்களும் வந்தார்கள். பூசைப் பொருள் பாலித்தீன் பொட்டலமாகக் கடையில் கிடைத்தது. குளித்துவிட்டு உடுத்திய வேட்டியைப் பம்பையில் விடுவது ஒரு சடங்காகவே பரவியது. எங்கள் குருசாமி அதைச் சொல்லித் தந்ததே இல்லை.

2011-இல் கேரளக் காவல்துறை ‘புண்ணியம் பூங்காவனம்’ திட்டத்தைத் தொடங்கியது. இருமுடியில் பிளாஸ்டிக் வேண்டாம், உன் குப்பையை நீயே திரும்ப எடுத்துப் போ, ஆற்றில் சோப்பு போடாதே, துணியை விடாதே, கொஞ்ச நேரம் துப்புரவு செய் என்றது. குருசாமி கேட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருப்பார். ஆனால் மலையடிவாரத்தில் வைத்துச் சொல்லும்போது பொட்டலம் ஏற்கெனவே முடிக்குள் இருக்கிறது.

அதைப் பிரித்துப் போட ஏற்ற இடம் ஊரில் இருமுடி கட்டும் கட்டுநிறைச் சடங்குதான். பன்னீர்ப் புட்டியையும் கற்பூர உறையையும் அங்கேயே ஒதுக்கிவிட்டு, வாழையிலையிலோ துணியிலோ கட்டிக் கொடுக்கக் குருசாமியால் முடியும். அவர் சொன்னால் மறுத்துப் பேசுகிற கன்னிச்சாமியை நான் பார்த்ததில்லை. வனத்துறையும் தேவசம் போர்டும் பம்பையில் இன்னொரு பலகை நடுமுன், ஐப்பசியிலேயே குருசாமிகளைத் தேடி ஊர் ஊராக வரலாம். ஒருவரிடம் சொன்னால் ஒரு வேனுக்கே சொன்ன மாதிரி.