சான்றிதழும் பதிவேடும்: தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் உடல்நல, பாதுகாப்புக் கொள்கைகளின் வரலாறு (1920–2023)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் பள்ளி மாணவர் நலன் குறித்த அரசுக் கொள்கைகள் இரு வேறு தடங்களில் வளர்ந்துள்ளன. மதிய உணவை மையமாகக் கொண்ட உடல்நலக் கொள்கை, மாணவரை நாள்தோறும் எண்ணிக் கணக்கிடும் முறையில் அமைந்தது. கட்டடத்தை மையமாகக் கொண்ட பாதுகாப்புக் கொள்கையோ நிறுவனத்திற்குச் சான்றிதழ் வழங்கும் முறையில் அமைந்தது. பெரும் விபத்துகளுக்குப் பின்னரே அது விரிவடைந்தது. இவ்விரு தடங்களும் தொடர்பின்றி இயங்கியதன் விளைவை 2004-ஆம் ஆண்டின் கும்பகோணம் தீ விபத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளிப் பாதுகாப்பு, மதிய உணவு, கட்டட உரிமம், கும்பகோணம் தீ விபத்து, கல்வி உரிமை.

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாறு குறித்த ஆய்வுகளில் மதிய உணவுத் திட்டம் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. பள்ளி விபத்துகள் பெரும்பாலும் செய்தியாகவும் வழக்காகவும் மட்டுமே பதிவாகியுள்ளன. ஒன்று சமூகநலத்தின் வரலாறாகவும் மற்றொன்று நிருவாகக் குறைபாட்டின் வரலாறாகவும் பிரித்துப் பார்க்கப்படுகின்றன. ஆனால் பசியாறுவதும் உயிரோடு வீடு திரும்புவதும் மாணவருக்கு ஒரே பள்ளி நாளின் இரு கூறுகளே. ஆகவே இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பது தேவையாகிறது.

1. உணவு வழியே உடல்நலம்

பள்ளியில் மாணவரின் உடல்நலத்திற்கு நிருவாகம் பொறுப்பேற்ற தொடக்ககால முயற்சிகளுள் சென்னை மாநகராட்சியின் மதிய உணவு ஏற்பாடு முதன்மையானது. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம், 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் இதனைத் தொடங்கியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு என்பது அதன் வரையறை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது. அவ்வைந்து பள்ளிகளிலும் 1922–23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25-இல் 1,671 ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவை மேற்கொள்ள இசைவு கிடைக்காமையால் 1925-இல் தடைப்பட்ட இவ்வேற்பாடு, 1927-இல் மீண்டும் உயிர்பெற்றது.

இத்தொடக்கத்திலேயே கொள்கையின் அளவுகோல் தீர்மானமாகிவிட்டது. தலைக்கு எத்தனை அணா, நாளுக்கு எத்தனை மாணவர் என்பதே அந்த அளவுகோல். 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநில அளவில் மதிய உணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இதுவே தொடர்ந்தது. 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் ஊரகப் பகுதிகளில் 2 முதல் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நடைமுறைப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984-இல் 10 முதல் 15 வயதினருக்கும் விரிவடைந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்க்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம், 2023 ஆகத்தில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

ஆட்சிகள் மாறியபோதும் இத்திட்டம் சுருங்காமல் வளர்ந்தமைக்கு அரசியல் போட்டி ஒரு காரணம் எனலாம். நிருவாக நோக்கில் வேறொரு காரணமும் உண்டு. உணவு வழங்கப்படாத நாள் உடனே கண்ணுக்குத் தெரியும். மாணவரும் பெற்றோரும் அன்றே அறிவர். பதிவேட்டில் அந்த நாளின் எண்ணிக்கை இடம்பெற்றாக வேண்டும். குறைபாடு மறைந்து கிடக்க இம்முறையில் வாய்ப்புக் குறைவு.

மருத்துவப் பரிசோதனையின் நிலை வேறு. 1960-இல் நியமிக்கப்பட்ட ரேணுகா ராய் குழு பள்ளி உடல்நலப் பணிகளை நாடு தழுவிய அளவில் ஆராய்ந்தது. தமிழ்நாட்டில் 1999-இல் வாழ்வொளித் திட்டமும், 2013-க்குப் பின் நடுவண் அரசின் தேசியச் சிறார் நலத் திட்டமும் வந்தன. எனினும் இவை குறித்த கால இடைவெளியில் நிகழும் வருகைகளே. நாள்தோறும் நிகழ்பவை அல்ல. உணவுத் திட்டம் பெற்ற பொதுமக்கள் கண்காணிப்பை இவை பெறவில்லை.

2. விபத்தின் வழியே பாதுகாப்பு

பாதுகாப்புக் கொள்கையின் தொடக்கம் துயரமானது. 1964 ஏப்ரலில் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியின் கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம், 1965 நிறைவேறியது. இதன்படி பள்ளி உள்ளிட்ட பொதுக் கட்டடங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். தனியார் பள்ளிகளின் ஏற்பிசைவு, மேலாண்மை ஆகியவற்றைத் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பெற்ற தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1973 வரையறுத்தது. காலப்போக்கில் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என நான்கு சான்றுகள் பள்ளிக்கு இன்றியமையாதவை ஆயின.

இச்சான்றுகளை வழங்குவோர் வெவ்வேறு துறையினர். பொறியாளர் சுவரையும், வட்டாட்சியர் உரிமத்தையும், தீயணைப்பு அலுவலர் தீத்தடுப்பையும், சுகாதார அலுவலர் நீரையும் கழிப்பிடத்தையும் நோக்கினர். ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்கு மட்டுமே பொறுப்பேற்றனர். பள்ளியை ஒருசேர நோக்கும் கடமை ஏற்பிசைவு வழங்கும் கல்வித் துறைக்கு இருந்தது. ஆனால் நடைமுறையில் அத்துறை சான்றுகள் கோப்பில் உள்ளனவா என்பதைச் சரிபார்க்கும் நிலையிலேயே பெரிதும் நின்றது.

3. கும்பகோணம், 2004

2004 சனவரியில் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கீற்றுக் கூரையின் கீழ் மக்கள் நெருக்கமாகக் கூடுவதன் ஆபத்து அப்போதே வெளிப்பட்டது. ஆயினும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அப்படியே நீடித்தன. ஆறு மாதங்களுக்குள், சூலை 16 அன்று, கும்பகோணம் காசிராமன் தெருவில் இயங்கிய பள்ளியில் தீப்பற்றி 94 சிறார்கள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தொடக்க வகுப்பினர்.

அப்பள்ளியின் அமைப்பு மேற்கூறிய குறைபாடுகள் அனைத்தையும் ஒருங்கே கொண்டிருந்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. மாடியில் வகுப்பறைகளின் மேற்கூரை கீற்றால் ஆனது. இறங்கும் படிக்கட்டு குறுகலானது. தீ தொடங்கிய இடம் மதிய உணவு சமைக்கும் சமையற்கூடம்.

இறுதியாகக் குறிப்பிட்ட செய்தியே இங்கு முதன்மை பெறுகிறது. மதிய உணவுத் திட்டம் சமூகநலத் துறையின் பொறுப்பு. கட்டடம் கல்வி, வருவாய், நகராட்சி ஆகிய பிற துறைகளின் பொறுப்பு. சமையற்கூடம் இவ்விரண்டிற்கும் இடையில் விடப்பட்டிருந்தது. உணவுக் கொள்கை, அரிசியையும் பருப்பையும் மாணவர் எண்ணிக்கையையும் கணக்கிட்டது. அடுப்பிற்கும் கூரைக்கும் உள்ள தொலைவை அது கணக்கிடவில்லை. கட்டடக் கொள்கை, சான்றினைக் கேட்டது. அக்கட்டடத்தில் நாள்தோறும் நெருப்பு மூட்டப்படுவதை உரியவாறு கருதவில்லை. உடல்நலத்திற்கென ஏற்படுத்தப்பட்ட அடுப்பே உயிரிழப்பிற்குக் காரணமானது தற்செயல் அன்று. இரு கொள்கைகளின் தொடர்பின்மையிலிருந்து எழுந்த விளைவு அது.

வழக்கின் போக்கும் இதனை உறுதிப்படுத்துகிறது. 2014 சூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, பதினொருவரை விடுவித்தது. தண்டனை பெற்றோருள் பள்ளி நிறுவனரும் தலைமையாசிரியரும் மட்டுமல்லாமல், சத்துணவு அமைப்பாளர், சமையலர், கல்வித் துறை அலுவலர்கள், பொறியாளர் ஆகியோரும் இருந்தனர். பொறுப்பு எத்துணைப் பேரிடம் சிதறிக் கிடந்தது என்பதற்கு இப்பட்டியலே சான்று. மேல்முறையீட்டில், 2017-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிறுவனரின் ஆயுள் தண்டனையை அவர் அதுவரை சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது.

4. விபத்திற்குப் பிந்தைய விதிகள்

விபத்தை அடுத்துப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரணை மேற்கொண்டது. தனியார் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிலப்பரப்பு வரையறுக்கப்பட்டது.

தேசிய அளவில் இதன் தாக்கம் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கும்பகோணம் விபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட அவினாசு மெகரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று, பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வி உரிமையின் பகுதியே என நீதிமன்றம் உரைத்தது. தீயணைப்புக் கருவிகள், பணியாளர் பயிற்சி, தேசியக் கட்டட விதிகளைப் பின்பற்றுதல் ஆகியவற்றை வலியுறுத்தியது. அதே ஆண்டு இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற கட்டடம், குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை ஆகியவற்றோடு மதிய உணவுச் சமையற்கூடமும் பள்ளிக் கட்டடத்தின் கூறாக இடம்பெற்றது. அதுவரை தனித்தனியே நின்ற அடுப்பும் கூரையும் சட்டத்தில் ஒரே வரையறைக்குள் வந்தன.

எனினும் பழைய முறை முற்றிலும் மறையவில்லை. 2012 சூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதன் பின்னர் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. சுவர், கூரை, பேருந்துத் தளம், மீண்டும் சுவர் என, இறுதியாக நிகழ்ந்த விபத்தின் வடிவத்தையே ஒவ்வொரு விதியும் பின்தொடர்ந்தது. 1964-இல் இடிந்த சுவருக்குப் பின்னர் உரிமச் சட்டம் நடப்பில் இருந்தும், 2021-இல் சுவர் இடிந்தது என்பது எண்ணத்தக்கது.

இவற்றுள் பேருந்து விதிகள் சற்றே வேறுபட்டவை. வருவாய், போக்குவரத்து, காவல், கல்வித் துறையினர் இணைந்து, பள்ளி திறப்பதற்கு முன் வாகனங்களை ஒரே இடத்தில் வரவழைத்து ஆய்வு செய்யும் வழக்கம் இவ்விதிகளால் நிலைபெற்றது. தாளைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பொருளைப் பார்ப்பதும், துறைகள் கூடிப் பார்ப்பதும் இம்முறையின் சிறப்பு. கட்டடங்களுக்கு இத்தகைய கூட்டாய்வு அதே ஒழுங்குடன் நிலைபெறவில்லை.

முடிவுரை

தமிழ்நாட்டில் பள்ளி மாணவருக்கான உணவுக் கொள்கை வெற்றி பெற்றமைக்கும் பாதுகாப்புக் கொள்கை பின்தங்கியமைக்கும் நிதியோ சட்டமோ மட்டும் காரணம் அன்று. முன்னது மாணவரை அலகாகக் கொண்டது. பின்னது நிறுவனத்தை அலகாகக் கொண்டது. முன்னதன் குறைபாடு அன்றே வெளிப்படும். பின்னதன் குறைபாடு விபத்து நிகழும் வரை கோப்பில் உறங்கும். 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்புக் கொள்கை வழிகாட்டுதல்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரின் பங்கேற்பை வலியுறுத்துவது இந்நோக்கில் ஒரு திருப்பம் ஆகும். உணவுப் பதிவேட்டைப் போலவே படிக்கட்டு, மின்கம்பி, சுவர், அடுப்பு ஆகியவற்றின் நிலையும் பள்ளியளவில் இடைவிடாது பதிவாகி, பெற்றோர் காணும் வகையில் வைக்கப்படுமாயின், நூறாண்டு கால உணவுக் கொள்கையின் படிப்பினை பாதுகாப்புக் கொள்கைக்கும் பயன்படும்.