பழவேற்காடும் நீர்கொழும்பும்: இரண்டு முகத்துவாரங்கள்

தமிழ்நாட்டின் லைட்ஹவுஸ் குப்பத்தில் நின்றால் கிழக்கே வங்கக்கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. நடுவிலுள்ள மணல்திட்டுதான் ஊர். இலங்கையின் பிட்டிபனையில் நின்றால் திசை மட்டும் புரள்கிறது: மேற்கே கடல், கிழக்கே நீர்கொழும்புக் களப்பு. முன்னதற்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஒரு பாலம். பின்னதற்கும் நீர்கொழும்புக்கும் இடையே அப்படியே. இரண்டுக்கும் அருகில் முகத்துவாரம்.

அளவில் இந்த இரு நீர்நிலைகளும் இணையல்ல. பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி; நீர்கொழும்புக் களப்போ சுமார் 32 சதுர கிலோமீட்டர்தான். வரலாற்றிலோ நெருங்கிவிடுகின்றன. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1644இல் போர்த்துக்கீசரிடமிருந்து நீர்கொழும்பை இறுதியாகக் கைப்பற்றினர். பழவேற்காட்டில் கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. நீர்கொழும்பின் கோட்டை சிறைச்சாலையாகிவிட்டது.

ஆனால் ஆண்டவர்களால் வந்த உறவைவிட, வலையால் வந்த உறவே வியப்பூட்டுவது. வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பங்கிடும் வழக்கம் இரண்டு இடத்திலும் உண்டு. பழவேற்காட்டில் அதன் பெயர் பாடு. லைட்ஹவுஸ் குப்பம் கடலை நோக்கிய ஊர். பாட்டு உரிமையோ ஏரிப்பக்கக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பழைய பட்டினவர் (மீனவர் சமூகம்) ஊர்களுடையது. ஊரின் தலைக்கட்டுப் பட்டியலில் பெயருள்ளவர்கள் சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எந்த இடத்தில் கழி நட்டுச் சுத்து வலை கட்டுவது என முடிவு செய்கிறார்கள்.

நீர்கொழும்பில் அதற்கு நிகரானது கட்டுதெல் என்னும் கழிவலை. உரிமை நான்கு மீனவர் சங்கங்களிடம் இருக்கிறது. உறுப்பினர்கள் கத்தோலிக்கர்கள், அவர்களுக்குள் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. அங்கும் சீட்டுதான், அங்கும் முறைதான்.

ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றதா என்று கேட்கத் தோன்றும். விடையை இறாலின் வாழ்க்கையிலேயே தேடலாம். கடலில் பிறக்கும் குஞ்சு உவர்நீருக்குள் வந்து வளர்கிறது. வளர்ந்ததும் இரவில் வற்றத்து நீரோடு கடலுக்குத் திரும்புகிறது. ஆகவே, எவ்வளவு பெரிய ஏரியானாலும் நல்ல பாடு என்பது முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் வேகமாகச் செல்லும் சில இடங்கள் மட்டுமே. அந்த இடங்களை ஒருவர் நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால் அடிதடிதான் மிஞ்சும். முறை வைத்தால் ஊர் பிழைக்கும். ஒரே நெருக்கடி, இரண்டு கரைகளிலும் ஒரே நியாயத்தைப் பிறப்பித்திருக்கிறது.

அந்த நியாயத்தைத் தாங்கும் தூண்கள் வேறு. நீர்கொழும்பில் 1958ஆம் ஆண்டு விதிகள் கட்டுதெல் வழக்கத்தைச் சட்டமாக்கின. பழவேற்காட்டில் பாட்டு வழக்கம் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லில் நிற்கிறது. எழுதிய விதி அத்துமீறுபவரைத் தடுக்க உதவும், ஆனால் உரிமையுள்ளவர் பட்டியலை இறுக்கிவிடும். எழுதாத வழக்கம் வளைந்து கொடுக்கும், ஆனால் ஊருக்கு ஊர் தகராறு வந்தால் திணறும்.

இரண்டுக்கும் பொதுவான குறை, வெளியே நிற்பவர்கள். பழவேற்காட்டு இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லால் கவ்வியபடி, இடுப்பளவு நீரில் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியை உடம்பால் அறிந்த அவர்களுக்குப் பாட்டுச் சீட்டில் பெயர் இல்லை. நீர்கொழும்பிலும் சங்கத்தில் சேராதவருக்குக் கட்டுதெல் இடம் இல்லை. சமத்துவம் இரு இடத்திலும் உண்மையானது. இரு இடத்திலும் வேலி போட்டது.

இன்னொரு ஒப்புமை கவலை தருவது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு ஊர்கள் எதிர்க்கின்றன. கொழும்புத் துறைமுக நகருக்காகக் கடல்மணல் அள்ளியதை நீர்கொழும்பு மீனவர் எதிர்த்தனர். மணல் நகர்ந்தால் கரை அரிக்கும், முகத்துவாரம் தூர்ந்தால் இறால் வராது. சீட்டு கட்டுப்படுத்துவது சீட்டில் பெயருள்ளவர்களை மட்டுமே. துறைமுகத்தை அது கட்டுப்படுத்தாது. சட்டத்தின் துணை பெற்ற நீர்கொழும்பும் வழக்கத்தை நம்பிய பழவேற்காடும் இங்கே ஒரே நிலையில் நிற்கின்றன. கிடைப்பதைப் பங்கிடும் முறையைத் தலைமுறைகளாகக் காத்தவர்களுக்கு, முகத்துவாரத்தின் கதியைத் தீர்மானிக்கும் இடத்திலும் குரல் வேண்டும். அதே அவையில் இருளர் பெண்களுக்கும் இடம் தந்தால்தான் அந்தக் கோரிக்கை முழு நியாயம் பெறும்.