காமிரா போகாத வழி

ஒரு சம்பவம் நிகழ்ந்தபோது அதைப் படம்பிடிக்க எவரும் இல்லாதிருந்தும், பின்னர் அதைக் கண்முன் நிறுத்தியாக வேண்டும் என்ற தவிப்பிலிருந்துதான் அனிமேஷன் ஆவணப்படம் என்னும் கலை பிறந்தது. 1915 மே 7ஆம் தேதி, அயர்லாந்தின் தென்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலால் லூசிடானியா என்னும் பிரயாணிக் கப்பல் பதினெட்டே நிமிஷத்தில் மூழ்கி, ஏறக்குறைய 1,200 பேர் மாண்டபோது, அந்தக் காட்சியைக் கண்ட காமிரா ஒன்றுமில்லை. அமெரிக்கச் சித்திரக்காரர் வின்ஸர் மெக்கே சுமார் 25,000 படங்களைக் கையால் வரைந்து 1918இல் அதைத் திரையில் காட்டினார். அவர் நோக்கத்தில் யுத்தப் பிரசாரமும் கலந்திருந்தது. ஆயினும் படம்பிடிக்கப்படாத ஒன்றுக்குச் சித்திரம் சாட்சி கூறலாம் என்ற துணிவுக்கு அவரே முன்னோடி.

அந்தத் துணிவு, அகதியாய் அலைந்த குடும்பங்களின் சரித்திரத்தைச் சொல்லும் சாதனமாக முதிர்வதற்கு வெகுகாலம் பிடித்தது. இரவோடிரவாக வீட்டைவிட்டு ஓடுகிறவர்கள் காமிராவைச் சுமந்துகொண்டு ஓடுவதில்லை. பழைய புகைப்படங்களும் வழியிலேயே தொலைந்துபோகின்றன. பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் மிஞ்சுவது பெரியவர்களின் வாய்ச்சொல் ஒன்றே, அதுவும் பாதி சொல்லப்பட்டும் பாதி விழுங்கப்பட்டும்.

இதைப் பூரணமாக உணர்ந்தவர் கம்போடியாவில் பிறந்த ரிதி பான். 1975 ஏப்ரல் 17 அன்று க்மெர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் படையினர் தலைநகரான ஃப்னாம் பென்னைக் கைப்பற்றி ஜனங்களை வயல்வெளிகளுக்கு விரட்டினார்கள். அந்த ஆட்சியில் தாய் தந்தையரையும் உற்றாரையும் பறிகொடுத்த அச்சிறுவர், 1979இல் தாய்லாந்தின் அகதி முகாமொன்றை அடைந்து, பிறகு பாரிஸ் சென்றார். ஆட்சியாளர் எடுத்த பிரசாரப் படங்களில் மக்கள் வரிசை வரிசையாக மண் சுமக்கிறார்கள். பட்டினியைக் காட்டும் படம் அவற்றில் இல்லை. ஆகவே 2013இல் வெளிவந்த 'காணாமற்போன படம்' என்ற தம் ஆவணப்படத்துக்காக, ஒரு சிற்பியைக்கொண்டு தம் குடும்பத்தாரைக் களிமண் பொம்மைகளாகச் செய்வித்தார். கத்தி செதுக்கச் செதுக்க மண்ணிலிருந்து ஒரு மனித உரு எழுகிறது. அதற்கு வெள்ளை உடுப்பும் கறுப்பு டையும் தீட்டப்படுகின்றன. மிருகத்துக்கு இடும் தீனியை உண்ணேன் என்று அன்னத்தை மறுத்து உயிர்நீத்த தகப்பனார் அவர்தான். அந்தப் பொம்மைகள் அசைவதே இல்லை, காமிராதான் அவற்றினிடையே நகர்கிறது. ஆகையால் இலக்கணப்படி இது அனிமேஷன் ஆகாது என்று சொல்வோர் சொல்லலாம். மாண்டவர்களை நடக்கவும் சிரிக்கவும் வைக்காத அந்த அடக்கத்தில்தான் மகனுடைய துக்கத்தின் நேர்மை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே கொடுமையிலிருந்து மீண்ட தம் தாயின் அனுபவத்தை, பாரிஸில் பிறந்த டெனி டோ 2018இல் 'ஃபுனான்' என்ற சித்திரக் கதைப்படமாக்கி, பிரான்ஸின் அன்னெசி அனிமேஷன் விழாவில் தலையாய பரிசைப் பெற்றார். பிரெஞ்சு இயக்குநர் ஃப்ளோரான்ஸ் மியாயின் 2021ஆம் வருஷத்து அனிமேஷன் படமும் கற்பனைக் கதையே. ஆனால் அதன் வித்து, யூதர்கள்மீது நடந்த வன்முறைக்கு அஞ்சி ஒடெஸாவை விட்டோடிய அவருடைய கொள்ளுப்பாட்டியின் சரித்திரம். கண்ணாடிமீது வர்ணம் தீட்டி, ஒரு படம் எடுத்ததும் அதை மாற்றி அடுத்ததைத் தீட்டும் முறையாதலால், ஒவ்வொரு சித்திரமும் அடுத்ததற்கு வழிவிட்டு அழிந்துபோகிறது. அதே வருஷம் டென்மார்க்கின் யோனாஸ் போஹர் ராஸ்முசன், ஆப்கானிஸ்தானிலிருந்து மாஸ்கோ வழியாகத் தப்பிவந்த தம் சிநேகிதரின் வரலாற்றை 'ஃப்ளீ' என்ற பெயரில் வெளியிட்டார். சிநேகிதரைப் படுக்கவைத்து, கண்களை மூடச்செய்து, நடந்ததை இப்போதே நடப்பதுபோலச் சொல்லச் சொன்னார். குரல் அவருடையது, பெயரும் முகமும் மறைக்கப்பட்டவை. சித்திரத்துக்கு இப்படி ஒரு திரைச்சீலையின் தர்மமும் உண்டு.

நமக்கும் இந்த அகதி அனுபவம் அந்நியமான விஷயமன்று. 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி, தமிழர் உள்ளிட்ட இந்தியர் லட்சக்கணக்கில் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரான வெ. சாமிநாத சர்மா அந்தப் பிரயாணத்தை ஒரு நூலாகவே எழுதினார். எழுதாதவர்களே அநேகர். அன்று தோளில் சுமக்கப்பட்ட குழந்தைகள் இன்று எண்பதைக் கடந்தவர்கள்; 1983க்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்து மண்டபம் முகாமில் தங்கியவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது. அப்படிப்பட்ட பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதை அவர் குரலிலேயே இப்போதே பதிவு செய்துவையுங்கள். சித்திரம் தீட்டுவதற்கு ஆள் பிறகு கிடைப்பார்.