வாக்காளரே சட்டம் இயற்றும்போது: ஆரிகன் மாநில வரலாறு தரும் படிப்பினை

தேர்தல் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன வேட்பாளர்களின் பெயர்களும் சின்னங்களுமே. ஊராட்சி மன்றம் முதல் நாடாளுமன்றம் வரை நாம் ஆட்களையே தெரிந்தெடுக்கிறோம். சட்டம் இயற்றும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே வாக்குச் சீட்டின் ஒரு பகுதியில் ஆளுநர், நீதிபதி, மாவட்ட அலுவலர், நகர மன்ற உறுப்பினர் முதலிய பதவிகளுக்கான வேட்பாளர்களின் பெயர்கள் காணப்படும். மற்றொரு பகுதியில், 'இச்சட்டம் நிறைவேற வேண்டுமா, வேண்டாமா?' என்னும் வினாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். பெயர்ப் பகுதியில் வாக்களிக்கும் குடிமகன் தனக்கொரு பிரதிநிதியைத் தேடுகிறான். வினாப் பகுதிக்கு வந்தவுடன் அவனே சட்டமன்ற உறுப்பினனாகிவிடுகிறான்.

இவ்விரு செயல்களும் ஒரே சீட்டில், ஒரே நாளில் நடைபெறுவதால் இவற்றிடையே உள்ள வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை. தவறான ஆளைத் தெரிந்தெடுத்தால் அடுத்த தேர்தலில் அவரை அகற்றலாம். அதற்குமுன் அவரிடம் முறையிடலாம். வாக்கெடுப்பால் நிறைவேறும் சட்டத்திற்கோ முறையீட்டைக் கேட்கும் செவி இல்லை. அது யாரைத் தாக்குகிறதோ அவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்களாயின், தங்கள் வாக்கினால் அதனைத் தடுக்கவும் அவர்களுக்கு வழியில்லை. இத்தகைய வினாவிற்கு விடையளிக்கும் வாக்காளர் எதனைக் கருதி முடிவு செய்ய வேண்டும்? பசிபிக் பெருங்கடலோரத்திலுள்ள ஆரிகன் மாநிலத்தின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது என்பது நம் கருத்து. அவ்வரலாற்றின் ஒரு பகுதியில் சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் பங்குண்டு. ஆதலால் அதனை நாம் கூர்ந்து நோக்குவது தகும்.

1857: மூன்று வினாக்கள்

ஆரிகன் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் மாநிலமாயிற்று. அதற்கு முன்னரே, 1857 நவம்பர் 9ஆம் நாள், அங்கிருந்த வாக்காளர்கள்முன் மூன்று வினாக்கள் வைக்கப்பட்டன. அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் வெள்ளையரான ஆடவர் மட்டுமே. முன்மொழியப்பட்ட அரசியலமைப்பை ஏற்பதா என்பது முதல் வினா. அடிமை முறையை அனுமதிப்பதா என்பது இரண்டாவது. அடிமைகளல்லாத கறுப்பின மக்கள் அங்கு வந்து குடியேறலாமா என்பது மூன்றாவது.

அரசியலமைப்பை 7,195 பேர் ஏற்றனர். 3,215 பேர் மறுத்தனர். அடிமை முறையை 2,645 பேர் ஆதரித்தனர். 7,727 பேர் எதிர்த்தனர். இம்மட்டில் நின்றால் நாம் அம்மக்களைப் புகழ்ந்திருப்போம். ஆனால் மூன்றாவது வினாவிற்குக் கறுப்பின மக்கள் வரலாம் என்றோர் 1,081 பேர். வரலாகாது என்றோர் 8,640 பேர். அடிமை முறையை எதிர்த்தவர்களின் எண்ணிக்கையைவிடக் கறுப்பினத்தாரின் வருகையை எதிர்த்தவர்களின் எண்ணிக்கை பெரிதாயிருந்ததைக் காண்கிறோம். இதனால் புதிதாக வரும் கறுப்பினத்தார் அங்கு வாழவோ, நிலம் வாங்கவோ, ஒப்பந்தம் செய்யவோ, வழக்குத் தொடுக்கவோ இயலாது என்னும் விதி அரசியலமைப்பில் இடம்பெற்றது.

இம்முடிவு பிறந்த வகையையும் நோக்க வேண்டும். வாக்கெடுப்பிற்குச் சில திங்களுக்கு முன் நீதிபதி ஜார்ஜ் வில்லியம்ஸ் செய்தித்தாளில் வெளியிட்ட நீண்ட கடிதம் பெரும் செல்வாக்குப் பெற்றது. அவர் அடிமை முறையை எதிர்த்தே எழுதினார். ஆயினும் அவரது வாதத்தின் அச்சாணி, அடிமை உழைப்பு ஆரிகனுக்கு ஊதியம் தராது என்பதே. 'எனக்கு இதனால் வரும் பயன் யாது?' என்று கேட்டு இரண்டாம் வினாவிற்கு 'வேண்டாம்' என்ற வாக்காளர், அதே அளவுகோலால் மூன்றாம் வினாவிற்கும் 'வேண்டாம்' என்றதில் வியப்பில்லை. 1860ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஆரிகனில் வாழ்ந்த கறுப்பினத்தார் 128 பேரே. வாக்குச் சீட்டைத் தொடும் உரிமையே இல்லாத மக்களைப் பற்றி, அவர்களுள் ஒருவரையேனும் கண்டறியாத பலர் முடிவு செய்தனர்.

1902: புதிய கருவி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் பலவற்றில் இருப்புப்பாதைக் கம்பெனிகளும் செல்வர்களும் ஆதிக்கம் செலுத்தினர். இதற்கு மாற்றுத் தேடியவர்களுள் ஆரிகனின் வழக்கறிஞர் வில்லியம் யூரென் குறிப்பிடத்தக்கவர். சுவிட்சர்லாந்தில், சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பிற்குக் கொணரும் உரிமை 1874ஆம் ஆண்டிலும், அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களே முன்மொழியும் உரிமை 1891ஆம் ஆண்டிலும் கூட்டாட்சி அளவில் நிலைபெற்றிருந்தன. இம்முறைகளை விளக்கிச் சல்லிவன் என்பார் எழுதிய நூல் யூரெனின் சிந்தையைக் கவர்ந்தது. உழவர் சங்கங்களையும் தொழிற்சங்கங்களையும் ஒன்று திரட்டிப் பத்தாண்டுகள் அவர் உழைத்தார். 1902 ஜூன் திங்களில் 62,024 வாக்குகள் ஆதரவாகவும் 5,668 வாக்குகள் எதிராகவும் பதிவாகி அவ்வுரிமை ஆரிகனின் அரசியலமைப்பில் சேர்ந்தது.

இக்கருவியால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் வினா 1884, 1900, 1906, 1908, 1910 ஆகிய ஐந்து ஆண்டுகளில் ஆரிகன் வாக்காளர்முன் வந்து தோற்றது. ஆறாம் முறை, 1912இல், 61,265 வாக்குகள் ஆதரவாகவும் 57,104 வாக்குகள் எதிராகவும் பதிவாகி வென்றது. இதற்காக நாற்பது ஆண்டுகள் போராடிய அபிகேல் ஸ்காட் டனிவே அம்மையார், முதுமையில் அவ்வெற்றியைக் காணும் பேறு பெற்றார். ஆனால் அவ்வாறு முறைகளிலும் வாக்களித்தோர் ஆடவரே. தம்மிடம் உள்ள உரிமையை அது இல்லாதவரோடு பகிர்வதா என்பதே அவர்கள்முன் நின்ற வினா. அதற்கு ஒப்புதல் தர அவர்களுக்கு 28 ஆண்டுகள் பிடித்தன.

1922: பள்ளிச் சட்டம்

இனி இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருகிறோம். 1922 நவம்பர் 7ஆம் நாள் ஆரிகன் வாக்காளரிடம் 'கட்டாயக் கல்வி' என்னும் தலைப்புடன் ஒரு சட்டம் வைக்கப்பட்டது. பிள்ளைகள் கல்வி பெற வேண்டும் என்பதை மறுப்பவர் யார்? ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஆரிகனில் முன்னரே இருந்தது. புதிய சட்டத்தில் புதியது ஒன்றே: 8 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் அரசின் பொதுப் பள்ளிகளுக்கே செல்ல வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டெனினும், திருச்சபைப் பள்ளிகளும் பிற தனியார் பள்ளிகளும் அப்பருவப் பிள்ளைகளை இழந்து மூடப்பட வேண்டியதே இதன் விளைவு. மீறும் பெற்றோருக்கு 5 டாலர் முதல் 100 டாலர் வரை தண்டம், அல்லது 2 நாள் முதல் 30 நாள் வரை சிறை. பிள்ளையை அனுப்பாத ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகும்.

இச்சட்டத்தை ஆதரித்தவர்களுள் மேசன் இயக்கத்தின் ஒரு பிரிவினர் முன்னின்றனர். கூ க்ளக்ஸ் கிளான் என்னும் இயக்கம் அதற்குப் பெருந்துணையாய் நின்றது. அவ்வியக்கம் தன்னைச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் காவலனாக அறிவித்துக்கொண்டது. கத்தோலிக்கரையும் யூதரையும் கறுப்பினத்தாரையும் குடியேறிகளையும் அது பகைத்தது. போர்ட்லந்து நகரில் திருப்பணியாற்றிய ரூபன் சாயர் போன்ற போதகர்கள் அதன் மேடைப் பேச்சாளராயினர் என்பது வேதனைக்குரிய வரலாற்று உண்மை.

எனினும் சட்டத்தை ஆதரித்த அனைவரும் பகைமையால் தூண்டப்பட்டவர் என்று கூறுவது நேர்மையாகாது. செல்வரின் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும், எல்லாச் சமயத்தாரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் அமர்ந்தால் நாட்டு ஒற்றுமை வளரும் என்று மனமார நம்பியோர் பலர். முதல் உலகப் போருக்குப் பின் அந்நியரைப் பற்றிய அச்சம் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. அந்நம்பிக்கை அவர்களுக்கு அறமாகவே தோன்றியது. இங்குதான் நாம் எச்சரிக்கை பெற வேண்டும். நல்ல நோக்கம் ஒன்றைத் தலைப்பாகச் சூடிய சட்டம், அந்நோக்கத்தை அடையும் வழியில் யாருடைய பள்ளியை மூடுகிறது, எந்தத் தாயைச் சிறைக்கு அனுப்புகிறது என்னும் விவரங்கள் தலைப்பில் இரா. அவை சட்டத்தின் உட்பிரிவுகளிலேயே இருக்கும்.

அதே நாளில் ஆளுநர் பதவிக்கும் தேர்தல் நடந்தது. அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். பதவியிலிருந்த பென் ஓல்காட் கிளான் இயக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர். அவரை எதிர்த்த வால்டர் பியர்ஸ் வரியைக் குறைப்பதாக வாக்களித்தார். பள்ளிச் சட்டத்தையும் ஆதரித்தார். வரிச்சுமையால் வருந்திய உழவர் பலர் பியர்சை நாடினர். பியர்ஸ் பெரும் வேறுபாட்டில் வென்றார். வேட்பாளரைத் தெரிந்தெடுப்போர் பல கொள்கைகளை ஒரு மூட்டையாகவே ஏற்க வேண்டியிருக்கும். அவ்விடர்ப்பாடு தவிர்க்க இயலாதது. ஆனால் சட்டத்தைப் பற்றிய வினாவில் அத்தகைய மூட்டை இல்லை. அது தனியே நின்று 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடையைக் கேட்கிறது. வரிக்காகப் பியர்சுக்கு வாக்களித்தவர் பள்ளிச் சட்டத்தை மறுத்திருக்கலாம். சீட்டு அதற்கு இடம் தந்தது.

பள்ளிச் சட்டத்திற்கு 1,15,506 பேர் ஆதரவளித்தனர். 1,03,685 பேர் எதிர்த்தனர். 11,821 வாக்குகள் வேறுபாட்டில் அது நிறைவேறிற்று.

தீர்ப்பும் திருத்தமும்

1859ஆம் ஆண்டு முதல் ஆரிகனில் பள்ளிகள் நடத்திவந்த இயேசு மரியாள் திருநாமங்களின் கன்னியர் சபையும், சமயச் சார்பற்ற ஹில் இராணுவக் கல்விக்கூடமும் வழக்குத் தொடுத்தன. 1924இல் கூட்டாட்சி நீதிமன்றம் சட்டத்தைத் தடை செய்தது. 1925 ஜூன் 1ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அத்தடையை உறுதி செய்தனர். பிள்ளை அரசின் உடைமையன்று. அதனை வளர்த்து வழிநடத்தும் உரிமையும் கடமையும் பெற்றோருடையவை என்பது தீர்ப்பின் சாரம். 1926 செப்டம்பரில் நடைமுறைக்கு வரவிருந்த சட்டம் ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை.

நீதிமன்றம் இருக்கிறதே, தவறு நேர்ந்தால் அது திருத்தாதா என்று சிலர் கேட்கலாம். 1857ஆம் ஆண்டின் விதியே இதற்கு மறுமொழி. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்த 14ஆம் திருத்தம் அவ்விதியைச் செல்லாததாக்கிற்று. ஆயினும் ஆரிகனின் அரசியலமைப்பிலிருந்து அதனை நீக்க 1926ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எஞ்சியிருந்த பழைய இனச் சொற்களை அகற்றும் வினா 2002இல் மக்கள்முன் வந்தபோது, அது நிறைவேறிற்றெனினும், ஏறத்தாழப் பத்தில் மூவர் எதிராக வாக்களித்தனர். ஒரு நாளில் எழுதிய சொற்களை முற்றிலும் துடைக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

வாக்காளர் கேட்க வேண்டியது

வாக்காளருக்கு உதவி இல்லாமற் போகவில்லை. ஒவ்வொரு சட்டத்தின் முழு வாசகத்தையும் இருதரப்பு வாதங்களையும் அச்சிட்டு வாக்காளருக்கு அனுப்பும் வழக்கம் ஆரிகனில் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வேரூன்றியது. 1922ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டமும் அவ்வேட்டில் அச்சாகி வீடு தேடி வந்தது. 1998இல் நடந்த வாக்கெடுப்பின் பயனாக ஆரிகன் மக்கள் பொதுத் தேர்தல்களிலும் தபால் வழியே வாக்களிக்கத் தொடங்கினர்; சீட்டையும் ஏட்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, பல நாள் ஆய்ந்து முடிவு செய்யும் வாய்ப்பு இதனால் கிட்டியது. 2010இல் மற்றொரு முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது: தற்போக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட 24 வாக்காளர்கள் ஐந்து நாட்கள் கூடி, ஒரு சட்டத்தின் இருதரப்பாரையும் விசாரித்து, தாம் கண்டதைப் பிறர் அறிய எழுதி அந்த ஏட்டில் வெளியிட்டனர். ஆகவே அறிவதற்கு வழியுண்டு. எதனை அறிய முற்படுகிறோம் என்பதே கேள்வி.

இச்சட்டத்தை முன்மொழிந்தவர் யார், இதற்குப் பணம் தருபவர் யார், இதனால் என் வரி கூடுமா குறையுமா என்பன கேட்கத்தக்க வினாக்களே. ஆனால் ஆரிகன் வரலாறு இவற்றிற்கு முன்னதாக வேறொரு வினாவை வைக்கச் சொல்கிறது. இச்சட்டத்தால் நாளைக் காலை யாருடைய வாழ்வு மாறும்? அவர்களால் என்னை வாக்கில் வெல்ல இயலுமா? இயலாதெனின், அவர்களுடைய பேச்சை நான் கேட்டிருக்கிறேனா? ஒரு பிரதிநிதியைத் தெரிந்தெடுக்கையில் இக்கடமையில் ஒரு பங்கை அவரிடம் விடலாம். சட்டத்தை நாமே இயற்றுகையில் விடுவதற்கு வேறொருவர் இல்லை.

1922இல் 'வேண்டாம்' என்ற 1,03,685 பேரை நாம் நினைவுகூர வேண்டும். கத்தோலிக்கர் அம்மாநிலத்தில் சிறுபான்மையினர். அவர்கள் மட்டும் வாக்களித்து எட்டக்கூடிய எண்ணன்று அது. லுத்தரன் சபையாரும் ஏழாம் நாள் அட்வென்ட்டிஸ்ட் சபையாரும் தங்கள் பள்ளிகளைக் காக்கவும் எதிர்த்தனர். அவர்களன்றி, தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்றும் இல்லாத வீடுகளிலிருந்தும் பல்லாயிரம் வாக்குகள் வந்திருத்தல் வேண்டும். அவர்கள் தம் கோட்பாட்டை விட்டுக்கொடுத்தவர் அல்லர். கத்தோலிக்கப் போதனையை ஏற்றவரும் அல்லர். தமக்கு ஒவ்வாத பள்ளியும் அடுத்த வீட்டாருக்குத் திறந்திருக்கட்டும் என்று எண்ணினர். அன்று அவர்கள் தோற்றனர். ஆயினும் சட்டமியற்றுவோருக்குரிய கடமையை நிறைவேற்றினர்.