மெஸ் நோட்டும் பத்து லட்சம் நண்பர்களும்

நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷலுக்கு ஒரு நோட்டு வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பெயரும் அறை எண்ணும் எழுத வேண்டும். ராத்திரி பரிமாறுகிறவர் அதைப் பார்த்துத்தான் தட்டில் வைப்பார். எங்கள் பேட்சில் ஒரு மகானுபாவன் தன் பெயருக்குப் பக்கத்திலேயே, "இவருக்கு இரண்டு பீஸ் கூடுதலாகக் கொடுக்கவும்" என்று எழுதிவிட்டான். பரிமாறுகிறவர் வேலைக்குப் புதுசு. நோட்டில் இருப்பதெல்லாம் மெஸ் செக்ரட்டரி உத்தரவு என்று நினைத்து மூன்று வாரம் ஒழுங்காகக் கொடுத்துவந்தார்.

'க்ராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று எங்கள் தொழிலில் சொல்லும் ஓட்டை ஏறக்குறைய இதுதான். பெயர் எழுத விட்ட கட்டத்தில் ஒருவன் கட்டளை எழுதுகிறான். படிக்கிற பிரவுசருக்கு எது பெயர், எது கட்டளை என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதுவரை வெறுமனே படிக்க மட்டும் இருந்த பக்கங்கள் அதன்பிறகு வேலையும் செய்ய ஆரம்பித்தன. ஆபத்து தெரியாமல் இல்லை. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் இன்னொரு தளத்தின் சமாசாரங்களைத் தொடக்கூடாது என்று நெட்ஸ்கேப் 2 காலத்திலேயே விதி போட்டுவிட்டார்கள். நல்ல விதிதான். ஆனால் எவனோ எழுதிய நிரல் அந்தத் தளத்தின் சொந்தப் பக்கத்துக்குள்ளேயே கலந்து வந்தால்? பிரவுசர் அதை வீட்டு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் லாகின் செய்ததற்கு அடையாளமான குக்கியைக்கூட எடுத்துக் கொடுத்துவிடும்.

2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இந்த ஓட்டைக்குப் பெயர் வைத்தார்கள். சுருக்கம் சி.எஸ்.எஸ். என்றுதான் வந்திருக்க வேண்டும். அந்த எழுத்துகளைப் பக்க அலங்கார மொழி ஒன்று முன்பே பிடித்துக்கொண்டதால் எக்ஸ்.எஸ்.எஸ். ஆகிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய செர்ட் மையம் ஊருக்கெல்லாம் எச்சரிக்கை விட்டது. மருந்தையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்: அந்நியர் எழுதியதைப் பக்கத்தில் காட்டும்போது, கணக்கில் 'சிறியது' என்பதற்குப் போடுவோமே, அந்த மாதிரிக் குறிகளையெல்லாம் வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டு. அவ்வளவுதான். செய்தவர்கள் கொஞ்சம் பேர்.

2005 அக்டோபர் 4. மைஸ்பேஸ் அப்போது அமெரிக்க இளைஞர்கள் குடியிருந்த தளம். லாஸ் ஏஞ்சல்ஸில் சாமி கம்கார் என்று 19 வயதுப் பையன். (பெயரைப் பார்த்து நம்ம ஊர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம்.) தன் பக்கத்தை அலங்கரிக்கப் போனவன், அதில் ஜாவாஸ்கிரிப்ட் எழுத முடியுமா என்று நோண்டினான். மைஸ்பேஸ்காரர்கள் தடைசெய்த சொற்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லே அதில் இருந்தது. பையன் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து, மிச்சத்தை அடுத்த வரியில் எழுதினான். பட்டியல் ஏமாந்தது. ஆனால் சில பிரவுசர்கள் இரண்டையும் தாமாகவே ஒட்டிப் படித்தன! வேறொரு சொல்லை இரண்டு துண்டாக்கி, நடுவில் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தான்.

அவன் பக்கத்தைப் பார்த்தவர் யாரானாலும், அவருக்குத் தெரியாமலே சாமி நண்பனாகச் சேர்ந்துகொள்வான். 'எல்லாருக்கும் மேலே சாமிதான் என் ஹீரோ' என்ற வரி அவர் பக்கத்தில் ஏறும். கூடவே அந்த நிரலின் நகலும் அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்க வருகிறவருக்கும் இதே கதி. 20 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் நண்பர் விண்ணப்பங்கள். தளத்தையே நிறுத்தித்தான் சரிசெய்தார்கள்.

யார் பணமும் போகவில்லை, ஆனாலும் வழக்கு வந்தது. 2007 ஜனவரியில் கம்கார் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 90 நாள் சமூக சேவை, கம்ப்யூட்டரைத் தொடுவதற்குக் கட்டுப்பாடு. பின்னாளில் பாதுகாப்பு ஆராய்ச்சியாளராகப் பெயர் எடுத்தார். பையனைத் தண்டித்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் செர்ட் சொல்லி ஐந்து வருஷம் ஆகியும் சொற்பட்டியலை நம்பி உட்கார்ந்திருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றால், 2013-ல் நானும் அதையேதான் செய்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒரு சின்ன கம்பெனிக்கு வாடிக்கையாளர் புகார் எழுதும் பக்கம் செய்துகொண்டிருந்தேன். புகார்கள் சூப்பர்வைசர் திரையில் வரும். ஆபத்தான சொற்கள் ஏழைப் பொறுக்கி, அவற்றை மட்டும் வெட்டி எறிய ஏற்பாடு செய்திருந்தேன். டீமில் ஐந்து வருஷ சீனியர் ஒருவர், நம்ம காலேஜ்தான், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "உன் லிஸ்ட்ல ஏழுதானே இருக்கு? எட்டாவது நான் சொல்றேன் பாரு" என்றார். முகவரிக் கட்டத்தில், இல்லாத ஒரு படத்தைக் காட்டச் சொல்லி, படம் கிடைக்காவிட்டால் இன்னதைச் செய் என்று ஒரே வரி எழுதினார். அடுத்த நிமிஷம் சூப்பர்வைசர் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. உள்ளே சூப்பர்வைசரின் குக்கி, முழுசாக.

"யாருக்கா இப்படியெல்லாம் எழுதப் போறாங்க?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பட்டியலைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் குறிகளை எழுத்தாக மாற்ற மூன்று வாரம் பிடித்தது. விட்டுப்போன கடைசி இடம் 2015-ல்தான் அகப்பட்டது. பார்சல் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டை அச்சடிக்கும் பக்கம் அது. கண்டுபிடித்தவன் அப்போதுதான் சேர்ந்த ட்ரெய்னி.