தண்டவாளமும் அண்டை வீட்டாரும்

பாடாங் பெசாரில் நமது தண்டவாளமும் தாய்லாந்தின் தண்டவாளமும் தடையின்றிச் சேர்கின்றன. இரண்டுக்கும் அகலம் ஒரு மீட்டர். இந்த ஒற்றுமை தானாக வந்ததன்று.

சயாம் நாட்டில் 1897-ஆம் ஆண்டு பாங்காக்கிலிருந்து அயுத்யாவரை திறக்கப்பட்ட பாதை 1,435 மில்லிமீட்டர் அகலமுடையது. ஐரோப்பாவில் பெருவழக்கான அளவு அதுவே. வடக்கும் கிழக்கும் அதே அகலத்தில் வளர்ந்தன. தெற்குப் பாதையை மட்டும் மீட்டர் அகலத்தில் போட்டார்கள். 1909-இல் செய்த உடன்படிக்கையை ஒட்டி, அப்பாதைக்காக ஐக்கிய மலாய் மாநிலங்கள் நாற்பது இலட்சம் பவுன் கடன் கொடுத்தன. 1918-இல் அது மலாயாவின் பாதையோடு இணைந்தது. ஒரே அரசு, ஒரே தலைநகரம்; ஆனால் சாவ் பிரயா ஆற்றின் ஒரு கரை வண்டி மறுகரையில் ஓடாது!

எதை மாற்றுவது? இத்தகைய சிக்கலைக் கணித அறிஞர்கள் ஒத்திசைவு ஆட்டம் என்பார்கள். என் வகுப்பில் ரப்பர் கொட்டைகளை வைத்து இதைக் காட்டுவதுண்டு. ஒருவனுக்கு அண்டை வீட்டார் ஐவர். அகலப் பாதையில் தன்னோடு ஒத்துப்போகும் ஒவ்வொருவருக்காகவும் அவனுக்கு மூன்று கொட்டை, மீட்டர் பாதையில் ஒத்துப்போனால் இரண்டு, ஒத்துப்போகாவிட்டால் ஒன்றுமில்லை. ஐவரில் மூவர் மீட்டர் பக்கம் நின்றால் எந்தப் பாதையிலும் அவனுக்கு ஆறு கொட்டைதான். நால்வர் நின்றாலோ, மீட்டரில் எட்டு, அகலப் பாதையில் மூன்று. சிறந்த பாதையை வைத்திருப்பவனே நட்டப்படுகிறான். இந்த இடத்தில் பிள்ளைகள், "அநியாயம், சார்!" என்பார்கள்.

இந்தக் கணக்கை ஸ்டீபன் மோரிஸ் என்னும் பொருளியலறிஞர் 2000-ஆம் ஆண்டில் முடிவில்லாத வலைப்பின்னல்களுக்கு விரித்தார். அண்டையாரில் பாதிக்கு மேற்பட்டோர் மாறினால்தான் ஒருவர் மாறுவார் என்றிருந்தால், ஒரு சிறு கூட்டம் தொடங்கும் வழக்கம் வலை முழுவதும் பரவாது என்று காட்டினார். நமது கொட்டைக் கணக்கில் பாதி போதாது. ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டவேண்டும்.

சயாமுக்கோ அந்த எல்லை எப்போதோ கடந்துவிட்டது. மலாயா, பர்மா, பிரெஞ்சு இந்தோசீனா மூன்றிலும் செலவு குறைந்த மீட்டர் பாதையே. 1917-இல் இரு இரயில் இலாகாக்களும் ஒன்றாக்கப்பட்டு இளவரசர் புரசத்ராவிடம் ஒப்படைக்கப்பட்டன. 1920-களில் அகலப் பாதைகள் படிப்படியாகக் குறுக்கப்பட்டன. 1927-இல் திறக்கப்பட்ட ஆறாம் ராமா பாலம் இரு கரைகளையும் இணைத்தது. கையிலிருந்த அகலப் பாதையைத் தாமே குறுக்கிக்கொள்வது எளிய மனத்தாங்கலா? ஆயினும் அவர் கணக்கு சரியென்றே எனக்குத் தோன்றுகிறது.

2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து லாவோஸ் நாட்டு வியந்தியான் வரை ஒரு பாதை திறக்கப்பட்டது. அதன் அகலம் 1,435 மில்லிமீட்டர். மீக்கோங் ஆற்றுக்கு அக்கரையில் தாய்லாந்தின் மீட்டர் பாதை நிற்கிறது.